ஒரு பவுண்டு அரிசியும் அரைப்படி நெல்லும்

1994-ல் அம்மா வரப்பில் வழுக்கி விழுந்தாள். தலையில் நெல்லுக்கட்டு. கட்டு ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாவுக்கட்டு போட்ட டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். தினம் அரை லிட்டர் பால், இரண்டு முட்டை, பழம், கீரை, பருப்பு. மூன்று மாதம் ஓய்வு. காலை ஊன்றக் கூடாது.

அந்தச் சீட்டில் தப்பு எதுவும் இல்லை. இன்றைக்கு எந்த எலும்பு டாக்டரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"மூணு மாசம் படுத்துக்கினா ஊட்டுல அடுப்ப யாருடா எரிப்பா? பாலு வேற அர லிட்டராம். அந்தப் பாலு நம்ம ஊட்டுக்கு எந்த வழியா வரும்னு டாக்டர கேட்டியா?"

நான் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. உடம்பைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் புத்திமதிகள் எல்லாமே இப்படித்தான் இருக்கின்றன. என்ன சாப்பிட வேண்டும் என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. தட்டில் எவ்வளவு விழும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற பேச்சு அதில் வருவதில்லை. அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் நூற்றைம்பது வருஷத்துக்குப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

தாது வருஷத்துக் கணக்கு

எங்கள் ஆயா யாராவது அவசர அவசரமாகச் சோறு தின்றால், "தாது வருசத்துல பொறந்தவனாட்டம் துன்றான் பாரு" என்பாள். தாது வருஷத்தை அவள் பார்த்ததில்லை. அவளுடைய பாட்டி பார்த்திருக்கிறாள். 1876-ல் தொடங்கி 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சம் அது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்பது 1880 பஞ்சக் கமிஷனின் கணக்கு. முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத கூலிகள். அதாவது நம் ஆட்கள்.

பஞ்சத்தில் வேலை கேட்டு வந்தவர்களுக்கு சர்க்கார் நிவாரண வேலை கொடுத்தது. ரோடு போடுவது, ஏரி தூர்வாருவது, கால்வாய் வெட்டுவது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி 1877-78-ல் இப்படி வெட்டப்பட்டதுதான். அன்றைய கவர்னர் பெயர் அதற்கு இருக்கிறது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

மண் சுமப்பவனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுப்பது? சர்க்காருக்குள்ளேயே இதில் பெரிய சண்டை நடந்தது.

வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். அதே மாதம் சென்னை மாகாணத்தில் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை அனுப்பினார். இந்த டெம்பிள்தான் 1874-ல் பீகார் பஞ்சத்தின்போது பர்மா அரிசியை இறக்குமதி செய்து ஏராளமான உயிரைக் காப்பாற்றியவர். அப்படிக் காப்பாற்றியதற்காகவே, காசை வாரி இறைத்துவிட்டார் என்று ஆட்சியாளர்களிடமும் பத்திரிகைகளிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாடம் கற்றுக்கொண்ட மனிதர் சென்னைக்கு வந்ததும் கூலியைக் குறைத்தார். வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், சில்லறைச் செலவுக்குக் கொஞ்சம் காசு. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. 'டெம்பிள் கூலி' என்றே இதற்குப் பெயர் வந்தது.

எதிர்த்து நின்றவர் சென்னை மாகாண சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். கடின வேலை செய்கிற உடம்புக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், வெறும் தானியத்தில் உடம்பு நிற்காது என்று அவர் வாதாடினார். லிட்டன் டெம்பிள் பக்கம் நின்றார். பம்பாய் மாகாணத்தில் இதே ஒரு பவுண்டு கூலியை எதிர்த்து, பசியோடு இருந்த மக்களே வேலைத்தளத்தை விட்டுக் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பட்டினியில் கிடக்கிறவன் வேலைநிறுத்தம் செய்தான் என்பதை நாம் கவனத்தில் கொள்ள வேண்டும். 1877 மார்ச்சில் சென்னை சர்க்கார் கொஞ்சம் இறங்கி வந்தது. தானியம் ஒன்றேகால் பவுண்டு ஆனது, ஒன்றரை அவுன்ஸ் பருப்பு சேர்ந்தது.

இன்றைய கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அவ்வளவு அரிசியில் கிடைப்பது ஏறக்குறைய 1,600 கலோரி. கடுமையாக உழைக்கும் ஆணுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 3,500 கலோரி தேவை என்கிறது இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு. பாதிகூட இல்லை. கையில் கொடுத்த சில்லறையைக் கொண்டு பஞ்ச விலையில் மீதிப் பாதியை வாங்கிவிட முடியாது. குறைகிற ஒவ்வொரு நாளும் உடம்பு தன் கொழுப்பைத் தின்னும், பிறகு தன் சதையைத் தின்னும். அப்புறம் ஒரு பேதி போதும், ஒரு காய்ச்சல் போதும். சாவுக் கணக்கில் காலரா என்று எழுதிக்கொள்ளலாம், பசி என்று எழுத வேண்டியதில்லை.

உழைக்கும் உடம்புக்குப் பருப்பு வேண்டும் என்பது சர்க்காருக்குத் தெரியாத விஷயமல்ல. சர்க்காரின் டாக்டரே எழுதிக் கொடுத்தார். தெரிந்தேதான் அளவைக் குறைத்தார்கள். ஊட்டச்சத்து விஷயத்தில் நமக்கு அறிவு போதவில்லை என்று யாராவது வகுப்பெடுக்க வந்தால், அவர்களுக்கு நாம் முதலில் சொல்ல வேண்டிய வரலாறு இது.

குன்னூர் எலிகள்

பஞ்சம் முடிந்து நாற்பது வருஷம் கழித்து, 1918-ல் குன்னூரில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் நடத்தியது. பிற்பாடு அதுதான் வளர்ந்து, ஹைதராபாத்துக்கு இடம் மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

மெக்காரிசன் எலிகளைப் பல குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு மராட்டியர் சாப்பாடு, இப்படி. முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது கறி என்று தின்ற சீக்கியச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை மையமாக வைத்த வங்காளச் சாப்பாடும் சென்னைச் சாப்பாடும் தின்ற எலிகள் கடைசியில் நின்றன. அதிலும் கடைசி சென்னைதான். வெள்ளைக்காரன் இதை வைத்து எந்த 'இனம்' வீர இனம், எது சோனி இனம் என்று பேசிக்கொண்டான். உண்மையில் அந்த எலிகள் சொன்னது வேறு. இனத்தில் ஒன்றும் இல்லை, தட்டில்தான் இருக்கிறது என்றே அவை சொல்லின.

நாம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தச் 'சென்னைச் சாப்பாடு' யாருடைய சாப்பாடு? தீட்டிய அரிசி, நெய், மோர், தேங்காய், காப்பி. இது எந்தச் சேரியில் பொங்கிய சோறு? எங்கள் பக்கத்தில் அரிசிச் சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். மற்ற நாளெல்லாம் கேவுரு கூழு, கேவுரு களி, கம்பங்கூழு. தொட்டுக்கொள்ளக் கருவாடு, முருங்கைக்கீரை, வரப்பு நண்டு, நத்தை, கிடைத்தால் மாட்டுக்கறி. ஒரு மாகாணத்தின் சாப்பாடு என்று எழுதும்போது கூழ் குடித்தவன் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

ஆயாவின் அடுப்பு

அம்மா படுத்திருந்தபோது ஆயா மாட்டு நெஞ்செலும்பு வாங்கி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். வார்டில் இருந்த நர்சம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இங்க இதெல்லாம் கொண்டாரக் கூடாது, எடுத்துக்கினு போ" என்றார். டாக்டர் சீட்டில் முட்டை இருந்தது, மாட்டுக்கறி இல்லை. ஆயா மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே அந்த ரசத்தை எனக்கு ஊற்றினாள்.

இன்று புத்தகத்தைத் திறந்து பார்க்கிறேன். குன்னூரில் தொடங்கிய அதே நிறுவனத்தின் உணவு அட்டவணை. நூறு கிராம் மாட்டுக்கறியில் புரதம் சுமார் 22 கிராம். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 340 மில்லிகிராம், அதே அளவு பசும்பாலில் 120. முருங்கைக்கீரையில் கேழ்வரகைவிடவும் அதிகம். கேழ்வரகுச் சத்து முழுவதையும் உடம்பு இழுத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் கூழைக் கரைத்து இரவெல்லாம் புளிக்க வைத்தால் அந்தத் தடை கணிசமாகக் குறைகிறது. எங்கள் வீட்டுக் கூழ்ப்பானை என்றைக்குப் புளிக்காமல் இருந்தது?

ஆயாவைத் தெய்வமாக்க நான் வரவில்லை. எலும்பு ரசத்தில் அவள் நினைத்த அளவு சுண்ணாம்புச் சத்து இறங்குவதில்லை. எலும்பைச் சுற்றியிருக்கும் கறியைத் தின்பதில்தான் பலன். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய நாட்டுக்கட்டால் விரல் நீலம் பாரித்துக் காலையே இழந்தவர்களையும் பார்த்திருக்கிறோம். நம்முடையது என்பதாலேயே எல்லாம் சரி என்று சொல்வதும் ஒருவகை மூடநம்பிக்கைதான்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டைத் தின்பதையும் எச்சில் சோறு வாங்குவதையும் விட்டொழிக்கச் சொன்னார். ஊர்க்காரன் தூக்கிப்போட்டதைத் தின்னும்படி வைத்திருந்த அடிமை முறையை எதிர்த்த பேச்சு அது. அவன் போட்டதைத் தின்பது வேறு, நாம் வாங்கி நாம் சமைத்துத் தின்பது வேறு. முதலாவதை மறுப்பதும் சுயமரியாதை, இரண்டாவதை மறைக்காமல் தின்பதும் சுயமரியாதை.

படி யார் கையில்

கேழ்வரகு நல்லது என்று இன்றைக்கு டவுனில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். அது விளைய நிலம் வேண்டுமே? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். நிலம் கொடுக்காமல் இவர்கள் நிமிர முடியாது என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. அந்த நிலத்தின் பெரும்பகுதி பின்னால் அடுத்தவன் கைக்குப் போய்விட்டது. அம்மா கால் முறிந்து கிடந்த அதே 1994-ல், அக்டோபர் 10 அன்று, பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. இரண்டு தோழர்கள் உயிர் கொடுத்தார்கள். கூழுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் சம்பந்தம்.

நிலமில்லாதவனுக்குக் கூலிதான் சாப்பாடு. கீழத் தஞ்சையில் பண்ணையாளுக்குக் கூலி நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. படி மிராசுதார் கையில். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, அதற்கு மேல் சாணிப்பால். மாட்டுச் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதற்குப் 'பால்' என்று பெயர் வைத்த சமூகம் இது. சத்துணவைப் பற்றி இவர்கள் நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். 1940களில் சீனிவாசராவ் தலைமையில் செங்கொடிச் சங்கம் கட்டிப் போராடிய பிறகுதான் சவுக்கடியும் சாணிப்பாலும் நின்றன.

அதற்குப் பிறகும் படி அவர்கள் கையிலேயே இருந்தது. கூடுதலாக அரைப்படி நெல் கேட்டுக் கூலிக்காரர்கள் சங்கமாகத் திரண்டார்கள். அந்தப் போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அரைப்படி நெல் என்பது ஒரு வீட்டில் ஒரு வேளைக் கஞ்சி. பால் கொடுக்கிற தாய்க்கு ஒரு கவளம் கூடுதல். டெம்பிளிடம் கார்னிஷ் கேட்ட அரைப் பவுண்டும் மிராசுதாரிடம் நம் மக்கள் கேட்ட அரைப்படியும் ஒரே பசிக்கானவைதான். கார்னிஷுக்குக் கோப்பில் பதில் வந்தது. நம் மக்களுக்குத் தீயில் வந்தது.

ஒரு முட்டை

போராடியும் ஓட்டுப் போட்டும் நாம் பெற்றதையும் சொல்லியாக வேண்டும். 1956-ல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-ல் வாரம் ஐந்து முட்டை ஆனது. 2022-ல் காலை உணவும் வந்தது. சேரிப் பிள்ளையின் தட்டில் முட்டை விழுந்தது சாதாரண விஷயமில்லை. டெம்பிள் வெட்டிய பருப்பு, நூறு வருஷம் கழித்து முட்டையாகத் திரும்பி வந்தது.

ஆனால் அந்தச் சோற்றைப் பொங்கும் கை யாருடையது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணையே இடம் மாற்றினார்கள். போராட்டம் வெடித்த பிறகுதான் உத்தரவு ரத்தானது. முட்டைக்குத் தீட்டில்லை, அவித்த கைக்குத் தீட்டு.

கணக்கும் முடியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நடவு வயலில் மயங்கி விழும் பெண்ணுக்குப் பேய் பிடித்ததாக இன்னும் வேப்பிலை அடிக்கிறார்கள். அவளுக்குப் பிடித்திருப்பது தாது வருஷம்.

அம்மாவின் கால்

அம்மா ஆறாவது வாரமே கட்டைப் பிரித்துவிட்டு நாற்று நடப் போய்விட்டாள். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறாள். ஊரில் "நொண்டியம்மா" என்கிறார்கள். டாக்டர் பேச்சைக் கேட்காததால் வந்த வினை என்று ஒருமுறை ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். அந்த மூன்று மாதத்துக்கு யார் கூலி கொடுத்திருப்பார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை.

எங்கள் பகுதியில் மாலை வகுப்புக்கு வரும் பெண்களிடம் இப்போது சில விஷயங்களைச் சொல்கிறோம். கேழ்வரகை விடாதே, அரிசி கிடைக்கிறது என்பதற்காகக் கூழைக் கேவலமாக நினைக்காதே. கீரையோடு கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள், சோறு தின்ற கையோடு டீ குடிக்காதே, அது இரும்புச் சத்தை உடம்பில் ஒட்டவிடாது. ஈரலும் மாட்டுக்கறியும் ரத்தம் ஊறத் தரும் சத்தை எந்த மாத்திரைக்காகவும் வெட்கப்பட்டு விடாதே, டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையையும் தூக்கி எறியாதே. கை கால் முறிந்தால் படம் எடுத்துப் பார். கட்டுக்குக் கீழே விரல் மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. கட்டு போட்ட காலின் விரலை அசைத்துக்கொண்டே இரு. டாக்டர் சொல்லும்வரை பாரம் ஊன்றாதே.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள், "அதுவரிக்கும் கூலிக்கு யாரு போறது?" என்று. அம்மா கேட்ட அதே கேள்வி. அந்த இடத்தில்தான் சுகாதார வகுப்பு முடிந்து சங்கக் கூட்டம் தொடங்குகிறது. கூலி உயர்வும், விபத்து நஷ்டஈடும், பஞ்சமி நிலமும், சமைக்கிற பெண்ணின் வேலையும் மருந்துச் சீட்டில் எழுதப்பட வேண்டிய விஷயங்கள். டாக்டர்கள் எழுதாவிட்டால் நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அம்மா வகுப்புக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருப்பாள். கோணல் காலை நீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். போன மாதம் எழுந்து சொன்னாள். "எல்லாம் சரிதான்டா. படிய மொதல்ல நம்ம கைல வாங்கு. அப்புறம் எவ்ளோ துன்னணும்னு நானே சொல்றேன்."